ஓவிதியோவின் மோட்டாரில் போன கேக்

யனினாவின் கல்யாணத்தன்று காலையில் கதவைத் திறந்தால் ஓடையில் தண்ணீரைக் காணோம். வடமேற்குக் காற்று ராத்திரி முழுக்க ஊதி, தண்ணீரையெல்லாம் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. எப்போதும் முங்கிக் கிடக்கும் துறைப்படிகள்கூடப் பாசியோடு பல்லிளித்துக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டு நாய் ஒன்று நீந்தாமலே ஓடையைக் கடந்து எங்கள் கரைக்கு வந்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வாலை ஆட்டியது. ரொட்டி கொண்டுபோகிற எங்கள் பெரிய லாஞ்சு சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

என் அக்கா சுனில்டா துறையில் நின்று, இடுப்பில் கைவைத்து, ஓடையை ஒரு பார்வை பார்த்தாள். திட்டினால் தண்ணீர் பயந்து திரும்பி வந்துவிடும் என்பது போல.

உள்ளே சமையலறை மேஜையில் கேக் நின்றது. மூன்று அடுக்கு. அடியடுக்கு லாரிச் சக்கரம் அளவு. பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய தூல்சேயும், வாதுமையும், மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சும். இந்தப் பக்கத்துத் தீவுகளில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கேக் சுனில்டா கையால்தான். இது அவள் சொந்த மகளுடையது. அந்த வாரம் முழுக்க அவள் தூங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. ஈஸ்டர் முட்டைக்குக்கூடப் போடாத சர்க்கரைப் பூக்களை இதற்குப் போட்டிருந்தாள். படகில் ஆடினாலும் அடுக்குகள் நகரக்கூடாது என்று நடுவில் ஒரு பித்தளைக் கம்பியைச் செருகியிருந்தாள்.

கல்யாணம் பெரிய ஆற்றங்கரையில், படகோட்டிகள் சங்கத்துக் கூடத்தில். பெண் முதல் நாளே அங்கே போய்விட்டாள். கல்யாணமாயிற்றே என்று, கேக்கையும் எங்களையும் ஏற்றிப்போக மெத்தை போட்ட லாஞ்சு ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம். அந்த ஆளுக்கு போன் போட்டேன்.

"உங்க ஓடைக்குள்ளயா? வந்தா நான் அடுத்த வெள்ளம் வரைக்கும் உங்க வீட்டுலயே குடியிருக்கணும். சாப்பாடு போடுவீங்கன்னா வர்றேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் யனினாவே கூப்பிட்டாள். சுனில்டா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள், எனக்கும் கேட்டது.

"அம்மா, கவலைப்படாத. அப்பாவை அனுப்பியிருக்கேன்."

"எந்த அப்பாவை?"

"எனக்கு இருக்கறது ஒருத்தர்தான்மா."

சுனில்டா போனை வைத்துவிட்டு மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கழுவின சல்லடை.

விஷயம் இதுதான். என் அக்காவும் ஓவிதியோவும் பிரிந்து சில வருஷம் ஆகிவிட்டது. குடியும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. காரணம் ஒரு மோட்டார். அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்கார பல் டாக்டரிடமிருந்து ஓவிதியோ வாங்கிய, படகின் பின்பக்கம் மாட்டுகிற வெளிமோட்டார் அது. மங்கின பச்சை நிறம், தலைமேல் பானை மாதிரி பெட்ரோல் டேங்க், கயிறு சுற்றி இழுத்துக் கிளப்புகிற பழைய ரகம். எங்கள் மூவரையும்விட அதற்கு வயது அதிகம். பிடிவாதக்காரி என்று பேர். ஊரெல்லாம் புது மோட்டார் மாட்டிக்கொண்ட பிறகும் அவன் அதையேதான் துடைத்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் பூட்டிக்கொண்டும் இருந்தான். ஒரு நாள் மழைக்குப் பயந்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, சுனில்டா மாவு பிசைகிற மேஜைமேல் பிரித்துப் போட்டுவிட்டான். மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய ரொட்டி மாவில் யாருக்கும் தெரியாமல் கார்புரேட்டர் திருகு ஒன்று விழுந்துவிட்டது. அது ரொட்டியோடு போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரின் பல்லில் அகப்பட்டது. அத்தோடு சரி. ஓவிதியோ மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடை முனையில், மரக்கால்கள்மேல் நிற்கிற ஒரு கால்வீட்டுக்குக் குடிபோனான். அன்றிலிருந்து இருவரும் பேசவேண்டியது இருந்தால் என் வழியாகத்தான். நான் ஒரு தந்திக் கம்பி.

வளைவுக்கு அப்பால் டொக், டொக், டொகடொக என்று சத்தம் வந்தது.

"அதையேதானா எடுத்துட்டு வர்றான்?" என்றாள் சுனில்டா.

அதையேதான். அவனுடைய தட்டையான மரப்படகு, ஓடை நடுவில் மிச்சமிருந்த முழங்கால் அளவுத் தண்ணீரில் மெல்ல நெளிந்து வந்தது. ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்துவிட்டுக் கழி ஊன்றுவான், ஆழம் வந்தால் இறக்கிவிட்டு ஓட்டுவான். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை சுருட்டிய பேன்ட், வெறுங்கால். பளபளவென்று துடைத்த ஷூ இரண்டும் நாடாவால் கட்டிக் கழுத்தில் தொங்கின.

"மச்சினி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். "உன் அக்காகிட்ட சொல்லு, ரதம் வந்தாச்சுன்னு."

"அந்த ஆள்கிட்ட சொல்லு தெல்மிரா, வண்டி எப்படியோ இருக்கட்டும், கேக்குக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனை இந்தச் சேத்துலயே நட்டு வெச்சிருவேன்னு."

நான் இரண்டையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது.

கேக்கை நானும் அவனும் தூக்கிக்கொண்டு, சேற்றின்மேல் போட்ட பலகைகளில் ஒரு காலை வைத்து மறு காலை யோசித்து, படகின் நடுப்பலகைக்குக் கொண்டுபோனோம். கம்பளியை மடித்து அதன்மேல் வைத்தோம். கட்டிப் பிடித்துக்கொள்வது என் வேலை. சுனில்டா நீலப் பட்டு கவுனும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ஏறி, படகின் பின்னால் போய் எதையோ திருகிவிட்டு, முன்னால் வந்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஓவிதியோ அப்போது கரையில் குனிந்து தன் கழியை எடுத்துக்கொண்டிருந்தான்.

மோட்டார் சூடாக இருந்ததால் ஒரே இழுப்பில் பிடித்தது. நீலப் புகை எழுந்து என் தலைமுடிக்குள் புகுந்தது. அவன் திரும்பி, மோட்டாரைக் குளிரவைக்கிற தண்ணீரைப் பின்துளை துப்புகிறதா என்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். போனோம். காற்று, வெயில், இரண்டு பக்கமும் நாணல். கேக்கின்மேல் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வளைவு தாண்டி நாணல்காடு வந்ததும் மோட்டார் இருமியது. வேகம் குறைந்தது. பெருமூச்சு விட்டது. நின்றுவிட்டது.

"தெரியும்" என்றாள் சுனில்டா, நாணலைப் பார்த்து.

ஓவிதியோ எழுந்தான். கயிற்றைச் சுற்றி இழுத்தான். இல்லை. இன்னொரு தடவை. இல்லை. கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இரும்பில் தொட்டுவைத்து என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னான். நான் இழுத்தேன். "ஆத்தாடி!" என்று கையை உதறினான். "பொறி இருக்கு. பிரமாதமா இருக்கு. தோள் வரைக்கும் இருக்கு." பிளக்கை மூக்கருகே வைத்து மோந்தான். "காய்ஞ்சு கிடக்கு. பெட்ரோல் வரல." குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தான், திறந்திருந்தது. டேங்க்கைத் தட்டினான், நிறைந்திருந்தது. தலையைச் சொறிந்தான். பிறகு டேங்க் மூடியை மெல்லத் திருகினான்.

ஸ்ஸ்ஸ் என்று மூடி காற்றை உள்ளே உறிஞ்சியது, நீண்ட நேரம் மூச்சடக்கின ஆள் மாதிரி.

ஓவிதியோ மூடியைக் கையில் ஏந்தி அதன் நடுவிலிருந்த குட்டித் திருகைப் பார்த்தான். "மச்சினி, உன் அக்காகிட்ட கேளு. காத்து போற இந்தத் திருகை யாரு இறுக்கி மூடினாங்கன்னு."

சுனில்டா நாணலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"பெட்ரோல் வாடை கேக்குல ஏறுது தெல்மிரா. அதனால மூடினேன். யாரு வேணா மூடுவாங்க."

"காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும்னு சொல்லு."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்னு சொல்லு."

"கல்யாணமாகி இருபது வருஷம் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க ரெண்டு பேரும் இந்தக் கேக்கைப் பிடிங்க, நான் இறங்கி நடந்து போறேன்" என்றேன் நான். "தண்ணி முட்டிக்குக் கீழதான் இருக்கு."

சுனில்டாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நாணலுக்குத்தான் காட்டினாள், எங்களுக்கு இல்லை.

திருகைத் திறந்ததும் மோட்டார் பழையபடி பிடித்துக்கொண்டது. ஓடை அகலமாகிக் கிளையாறு வந்தது. அங்கே ஒரு மேட்டில் வெள்ளை லாஞ்சு ஒன்று தரை தட்டி நின்றது. அதன் கூரைமேல் குள்ளமான ஒரு அம்மா, தலையில் பெரிய பதிவேட்டைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செருப்பை வீசி வீசிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா! யாராச்சும்! ஒரு கல்யாணம் என்னால நிக்குது!"

அது கல்யாணப் பதிவாளர் எர்மெலிந்தா. அவள் கையெழுத்து இல்லாமல் யனினா கல்யாணப் பெண்ணே இல்லை. லாஞ்சு ஓட்டி காலை நீட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறுகிறபோது ஏறட்டும் என்று மாத்தே இலைக் கஷாயத்தைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"எங்க போகணும் மேடம்?" என்று ஓவிதியோ கேட்டான்.

"படகோட்டிகள் சங்கத்துக்கு. பொண்ணு பேரு யனினா."

"நாங்க பொண்ணோட அப்பா, அம்மா" என்றான் அவன். 'நாங்க' என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவனே திடுக்கிட்டுப்போனான்.

எர்மெலிந்தா ஏறினாள். படகு அவள் பக்கம் தாழ்ந்தது. நான் கேக்கை இந்தப் பக்கம் சாய்த்தேன். "அழகா இருக்கே!" என்று அவள் கேக்கைப் பார்த்துக் கைகொட்டினாள். "அதுல வாதுமை இருக்கா? எனக்கு வாதுமைன்னா உசிரு." நாலு பேர், ஒரு கேக், ஒரு பதிவேடு. மோட்டார் குரலைத் தாழ்த்தி முனகியது, ஆனாலும் இழுத்தது.

கிளையாற்றின் வாயில், பெரிய ஆறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், டங் என்று ஒரு சத்தம். படகு ஒரு துள்ளுத் துள்ளியது. உடனே மோட்டார் ஓவென்று அலறியது. ஆனால் படகு முன்னால் போகவில்லை, ஓட்டத்தோடு பக்கவாட்டில் நழுவியது.

ஓவிதியோ அலறலை நிறுத்திவிட்டு மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தான். கையால் விசிறியைச் சுற்றினான். காற்றாடி மாதிரி சும்மா சுற்றியது.

"அடியில மரக்கட்டை. பின் உடைஞ்சுபோச்சு."

"எது?" என்றாள் பதிவாளர்.

"விசிறியைத் தண்டோட பிடிச்சு வெச்சிருக்கற சின்னப் பின், மேடம். எதுலயாச்சும் இடிச்சா அது மட்டும் உடையும், உள்ள இருக்கற கியர் பிழைச்சுக்கும். நல்ல ஏற்பாடு. மாத்திப் போட்டா ஆச்சு. என்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு." கையைப் பேன்ட் பையில் விட்டான். வெளியே எடுத்தான். மறு பையில் விட்டான். முகம் சோர்ந்தது. "வேலைக்குப் போடற பேன்ட்ல இருக்கு."

படகுக்கு அடியிலிருந்த கருவிப்பெட்டியில் குறடு இருந்தது, அரம் இருந்தது, பழைய தூண்டில்முள், ஒரு பொத்தான்கூட இருந்தது. பின் மட்டும் இல்லை. ஆணி ஒன்றை எடுத்துப் பார்த்தான், தூக்கிப் போட்டான். "இரும்பு ஆகாது. அடுத்த கட்டையில இடிச்சா இது உடையாது, கியர் உடையும். அப்புறம் இந்த ஜென்மத்துல அந்த கியர் கிடைக்காது." கரையோர நாணல் கொத்தில் படகைக் கட்டிவிட்டு, தண்ணீரில் இறங்கி, இடுப்பளவில் நின்று யோசித்தான். அவன் யோசிக்கும்போது மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான். யனினாவும் அப்படியே செய்வாள்.

பிறகு அவன் பார்வை கேக்கின்மேல் வந்து நின்றது.

"சுனில்டா" என்றான். என் வழியாக இல்லை. நேராக. "கேக்குக்கு நடுவுல ஒரு கம்பி வைப்பியே. அது என்ன கம்பி?"

அக்கா திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "பித்தளை" என்றாள். பிறகுதான் அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்கு உறைத்தது. "முடியாது."

"சுண்டுவிரல் நீளம் போதும்."

"முடியாது ஓவிதியோ! அதை உருவினா மேலடுக்கு நிக்காது. நீ சேத்துக் கையால தொட்ட கம்பியைத் திருப்பி உள்ள விட முடியுமா? இந்தக் கேக்குக்கு நான் எத்தனை நாள்..."

தூரத்தில், பெரிய ஆற்றுப் பக்கமிருந்து, அக்கார்டியன் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. விருந்தாளிகளைச் சலிப்பு தட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள் போல.

சுனில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெல்மிரா, அடியடுக்கை அசையாமப் பிடி. மேடம், உங்க புஸ்தகத்தை மடியில விரிங்க. இல்ல, மூடியே வைங்க, கெட்டி அட்டை." மேலடுக்கை இரண்டு கையாலும், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். பதிவாளரின் மடியில், பதிவேட்டின்மேல் வைத்தாள். "மூச்சு விடலாம். தும்மக்கூடாது." பிறகு பித்தளைக் கம்பியை நேராக மேலே உருவி அவனிடம் நீட்டினாள்.

கம்பி நெடுக தூல்சே ஒட்டியிருந்தது. ஓவிதியோ அதை நக்கிச் சுத்தம் செய்தான். "அருமை" என்றான் உண்மையான மரியாதையோடு.

"வேலையைப் பாரு."

குறடால் நறுக்கினான், அரத்தால் தேய்த்தான், ஓட்டையில் வைத்துப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். மிச்சக் கம்பியிலும் கையோடு இரண்டு துண்டு நறுக்கி என்னிடம் கொடுத்தான். "அடுத்த கட்டைக்கு." விசிறியைப் பொருத்தி ஏறியபோது அவன் வெள்ளைச் சட்டையில் பாதி சேறு, பாதி கிரீஸ்.

இனி கிளப்பினால் போதும். கிளம்பவில்லை.

இழுத்தான், இழுத்தான். சோக்கை வெளியே இழுத்துவிட்டு இழுத்தான். கயிறு ஒரு தடவை நழுவி அவன் முழங்கையில் அறைந்தது. மோட்டாரிடமிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவன் பலகையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கை நடுங்குது சுனி" என்றான் மெதுவாக. "மோட்டாருக்காக இல்ல. குழந்தையைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமே. நேத்து ராத்திரியிலேருந்து இப்படித்தான்."

சுனில்டா எழுந்தாள். பட்டு கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு என்னையும் கேக்கையும் பதிவாளரையும் தாண்டிப் பின்னால் வந்தாள். படகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. "தள்ளு" என்றாள்.

"உனக்கு இது..."

"மூச்சுத் திணறுது பாரு அது. சாய்ச்சு வெச்சிருந்தப்பவே உள்ள பெட்ரோல் இறங்கிடுச்சு, அதுக்கு மேல நீ சோக்கை இழுத்து ஊத்தற. இந்தக் கொழகொழ சத்தம் எனக்குத் தெரியாதா? குளிர்காலத்துல தினம் விடியக்காலையில என் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு இதைத்தானே பண்ணிட்டிருப்ப? நான் மாவு பிசைஞ்சுகிட்டே கேப்பேன். பெட்ரோல் குழாயை மூடு."

அவன் மூடினான்.

"சோக்கை உள்ள தள்ளு. பிளக்கைத் துடைச்சு மாட்டு. வேகப்பிடியை முழுசாத் திற." அவன் சொன்னதையெல்லாம் செய்தான். அவனுக்கும் இதெல்லாம் தெரியும். அன்றைக்கு அவன் மூளை வேறெங்கோ இருந்தது, அவ்வளவுதான். சுனில்டா கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி, மாவு பிசைந்து உரமேறின கையால் இழுத்தாள். வறண்ட இருமல். மறுபடி. வெள்ளைப் புகை. "இப்ப சத்தம் தெளிஞ்சிருச்சு. குழாயைத் திற." மறுபடி சுற்றினாள். காலை அகட்டி ஊன்றினாள். "இந்த இடத்துல நீ அதோட ஆத்தாளைத் திட்டுவ."

"திட்டுவேன்."

"என்னன்னு?"

அவன் பதிவாளரைப் பார்த்துத் தயங்கினான்.

"நான் காதைப் பொத்திக்கறேன்" என்றாள் எர்மெலிந்தா. கேக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் அது முடியாத காரியம்.

சுனில்டாவே திட்டினாள். எங்கள் துறையில் ஒரு பெண் வாயிலிருந்து அப்படி ஒரு வசவை நான் கேட்டதில்லை. அதில் அந்த மோட்டாரின் தாயும், தாயின் தாயும், அதை விற்ற பல் டாக்டரும் இருந்தார்கள். திட்டிக்கொண்டே இழுத்தாள்.

டொகடொகடொகடொக!

எங்கள் நாலு பேர் சத்தத்தில் நாணலிலிருந்து ஒரு கொக்குக் கூட்டமே கிளம்பிப் பறந்தது. பதிவாளர் "பிராவோ! பிராவோ!" என்று குதித்ததில் மேலடுக்கின் ஒரு சர்க்கரைப் பூ கழன்று விழுந்தது. அதை அவளே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஓவிதியோ கைப்பிடிக்குக் கை நீட்டினான். சுனில்டா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"முன்னாடி போய் உக்காரு. கட்டை இருந்தா சொல்லு."

அவன் போய் உட்கார்ந்தான். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டி இல்லை. முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்கவேண்டியவன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். கட்டை இருந்திருந்தால் எல்லோரும் மூழ்கியிருப்போம்.

பெரிய ஆற்றில் அலை வந்து முகத்தில் தெறித்தது. சங்கத்துத் துறையில் கூட்டம் எங்களைப் பார்த்து முதலில் அமைதியானது, பிறகு கத்தியது, பிறகு அக்கார்டியன்காரன் ஒரு சமாமே ஆட்டப் பாட்டை எடுத்து முழு வேகத்தில் வாசிக்க ஆரம்பித்தான். என்ன தெரிந்திருக்கும் அவர்களுக்கு? நீலப் பட்டு இடுப்பில் செருகி, ரப்பர் பூட்ஸில் நின்றபடி மோட்டார் ஓட்டிவரும் மணப்பெண்ணின் தாய். முன்னால் சேறு பூசிய தகப்பன், கழுத்தில் ஷூ. நடுவில் மடியில் கேக் வைத்திருக்கும் பதிவாளர். இவர்களுக்கிடையே மிச்சக் கேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலைமுடியெல்லாம் புகையோடு, நான்.

யனினா வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையின் முனைக்கே ஓடிவந்தாள். "அம்மா! நீயா ஓட்டற?"

"உங்கப்பனுக்குக் கை நடுங்குது" என்றாள் சுனில்டா. மோட்டாரை நிறுத்தி, காற்றுத் திருகைப் பார்த்து, அதை அவளே சரியாகத் திறந்துவைத்தாள்.

ஓவிதியோ மகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் வெள்ளைக் கையுறையில் ஐந்து விரல் அச்சு கறுப்பாக விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பதிவாளர் பதிவேட்டைத் திறந்தபோது அட்டையில் சர்க்கரை வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது, மாப்பிள்ளையின் கையெழுத்து கொஞ்சம் பிசுபிசுத்தது. கேக்கை இரண்டடுக்காக ஒரு மேஜையிலும், மூன்றாவதைத் தனியாகப் பக்கத்து மேஜையிலும் வைத்தோம். சின்ன கேக் எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் எர்மெலிந்தா மேடமே கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அது ஒரு முழு மரம். அந்தச் சின்ன கேக்தான் முதலில் தீர்ந்தது.

விலா எலும்புக் கறி கங்கில் சுட்டுக்கொண்டிருந்தது. ஆடினோம். சுனில்டா உயரமான செருப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, வெறுங்காலிலேயே ஆடினாள், முதல் பாட்டை மாப்பிள்ளையோடு, இரண்டாவதை மாப்பிள்ளையின் அப்பாவோடு, மூன்றாவதற்கு ஓவிதியோ சட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்து முன்னால் நின்றான்.

"மச்சினி, உன் அக்காகிட்ட கேளு..." என்று ஆரம்பித்தான்.

"நேரா கேளுடா, தடியா" என்றாள் என் அக்கா.

கேட்டான். ஆடினார்கள். அவன் ஆட்டம் எப்போதும் மோசம். அவள் காலை மிதித்தான், அவள் கத்தினாள், அவன் மன்னிப்புக் கேட்டபடியே மறுபடி மிதித்தான். நான் ஒரு கோப்பை திராட்சை மதுவோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். தந்திக் கம்பிக்கு அன்று முதல் வேலை இல்லை என்று புரிந்தது. உடம்பே லேசாகிவிட்டது.

சாயங்காலம் காற்று திரும்பியது. தென்கிழக்கிலிருந்து குளிர்ச்சியாக வீசி, ஆற்றை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தது. துறைப்படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. லாஞ்சுகள் வந்து விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டன. எங்களுக்கும் ஒரு பெரிய லாஞ்சு வந்தது, மெத்தை இருக்கைகளோடு. நான் ஏறிவிட்டேன். சுனில்டா ஏறவில்லை.

"நீ போ தெல்மிரா. அடுப்புல நெருப்பு இருக்கான்னு பாரு. நான் அதுல வர்றேன்."

கீழே ஓவிதியோ கயிற்றைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் மறுபடி ஒரே வீட்டில் குடியேறவில்லை. ஓவிதியோவுக்குத் தன் கால்வீடு பிடித்துப்போய்விட்டது, சுனில்டாவுக்கு மேஜைமேல் மோட்டார் இல்லாத வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் துறைக்கு வந்துவிடுகிறான். ஓடையில் வெள்ளமோ வறட்சியோ, இருவரும் சூடான ரொட்டிக் கூடைகளோடு கிளம்பித் தீவு தீவாகப் போகிறார்கள். அவள் ஓட்டுவாள், அவன் முன்னால் உட்கார்ந்து கட்டை பார்ப்பான். போகும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். வளைவு தாண்டின பிறகும் எனக்கு இங்கிருந்து கேட்கும், மோட்டார் சத்தத்துக்கு மேலே, இரண்டு பேரும் போட்டிபோட்டுக்கொண்டு கத்துவதும், நடுநடுவே சிரிப்பதும்.